மோட்டார் பக்கம்

கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்த பாரதி கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். குளிரவில்லை.

காலை ஆறு மணிக்கு இதே இடத்தில் கை வைத்தபோது சில்லென்று முழங்கைவரை ஏறியது. இப்போது மணி ஒன்பதரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நைனா வெள்ளை வேட்டியில், மூக்கில் பஞ்சோடு, நெற்றியில் ஒட்டிய ஒற்றை ரூபாயோடு படுத்திருந்தார். நேற்று சாயங்காலம் டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் சிவப்பாக எரியும் நம்பரைக் குனிந்து பார்த்தாள். பதினொன்று. காலையில் மூன்று இருந்தது.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் உறுமத் தொடங்கியது. பாரதி எண்ணினாள். ஏழு எண்ணுவதற்குள் இன்னொரு 'டக்'. உறுமல் நின்றுவிட்டது.

வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. பவுனம்மாள் அத்தை தம்பியைப் பாடிப் பாடி அழுதுகொண்டிருந்தாள். வாசலில் மேளக்காரர்கள் பறையை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். காலனி வீட்டுக் கூடத்தில் முப்பது பெண்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மே மாத வெயில். செஞ்சியில் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. சுற்றிலும் இருக்கும் குண்டுப் பாறைகள் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்தும் அடிக்கும். அதில் பெட்டிக்குள் இருக்கிற மனுஷன் எத்தனை மணி நேரம் மனுஷனாக இருப்பார்?

அண்ணன் செந்தமிழன் கத்தாரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அங்கே ஒரு கிடங்கில் வண்டி ஓட்டுகிறான். மூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. 'இறங்கிட்டேன். கார் புடிச்சிட்டேன். எடுத்துடாதீங்க' என்று அரை மணி நேரத்துக்கு முன் மெசேஜ் போட்டிருந்தான். மீனம்பாக்கத்திலிருந்து மூன்றரை மணி நேரம். அமாவாசை வேறு. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சென்னை வண்டிகள் எல்லாம் திண்டிவனத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை, இரண்டு.

பெட்டியில் எழுதியிருந்த பெட்டிக்காரரின் நம்பருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, காலனியில தனசேகரன் வீடு. பொட்டி கூலிங் நின்னுபோச்சி."

"நேத்து நல்லாத்தானேம்மா ஓடிச்சி? கரண்டு இருக்குதா பாரு."

"கரண்டு இருக்குது. மோட்டார் எடுத்து எடுத்து நிக்கிது."

"நான் அவலூர்பேட்ட பக்கம் மாட்டிக்கினு இருக்கறேன்மா. மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸு வரிசயா நிக்கிது, பைக்குகூட நொழயல. வரதுக்குள்ள மூணு ஆயிடும். அதுக்குள்ள எடுத்துடுவீங்கல்ல?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெரியப்பா இளையபெருமாள் நின்றிருந்தார். பாதி காதில் விழுந்ததே அவருக்குப் போதும்.

"அப்ப பதினோரு மணிக்கு எடுத்துடலாம்."

"அண்ணன் வரணும் பெரியப்பா."

"வருவாம்மா. வரதுக்குள்ள இங்க நாறிப்போச்சின்னா? ஊரு இன்னா பேசும்? கொள்ளி எம் பையன் வெப்பான். செந்தமிழன் வந்து பால் தெளிக்கட்டும்."

"கொள்ளி யாரு வெச்சாலும் எரியும். மொகத்த இன்னொரு வாட்டி பாக்க முடியுமா?"

"ரெண்டெழுத்து படிச்சிட்டா வாய் இவ்ளோ நீளம்" என்று அவர் யாரிடமோ சொல்வதுபோல் பந்தலைப் பார்த்துச் சொன்னார். பந்தலிலும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். இந்த வம்சத்தில் முதன்முதலில் காலேஜ் போய் வந்தவள் என்று போன வருஷம் இதே ஆட்கள்தான் அவளைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

மறுபடியும் 'டக்'. உறுமல். 'டக்'.

சத்தம் புதிது. ஆனால் அந்த முறை பாரதிக்குப் பழசு. எடுக்கும், உறுமும், நிற்கும். வீட்டில் இதற்கு முன்பே ஒரு பெட்டி இப்படி நின்று நின்று அவள் உயிரை வாங்கியிருக்கிறது.

நைனா லாரி டிரைவர். செஞ்சி மார்க்கெட் கமிட்டியிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கர்நாடகா, ஆந்திரா என்று முப்பது வருஷம் ஓட்டினார். சர்க்கரை வந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஆறு மாதம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடியதா என்றுகூட அவருக்குத் தெரியாது. 'சோறு வெக்கட்டா' என்றால் 'ம்'. அவ்வளவுதான் பேச்சு. அப்போதுதான் பாரதி சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரோ பயன்படுத்திய கேம் கன்சோல் ஒன்றை வாங்கி, அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, கொண்டுவந்து டிவியில் மாட்டினாள்.

"ஆக்சிலேட்டர் எங்க?" என்று கேட்டார் நைனா. அந்த மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"இந்த விரல்ல. பிரேக்கு அந்த விரல்ல."

"கால் வேணாமா?"

"வேணாம்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பத்து மணிக்கு வண்டி எடுப்பார். ஏதோ ஒரு குளிர் தேசம், இரண்டு பக்கமும் பைன் மரம், ஆளே இல்லாத ரோடு. வளைவில் ஹாரன் அடிப்பார். லோடு இறக்கியதும் அம்மாவைக் கூப்பிட்டு டீ கேட்பார். ஒரு நாள் எதிரே வந்த கார்க்காரனைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

வண்டி என்றால் வண்டிக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்ய வேண்டும் அவருக்கு. ஆயுதபூஜைக்குக் கன்சோலுக்கு விபூதிப் பட்டை போட்டு, காற்று போகும் ஓட்டைமேலேயே குங்குமம் வைத்தார். ஓட்டி முடித்ததும், சூடு ஆறுவதற்கு முன்பே, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி நாலாக மடித்த துண்டைப் போட்டு இறுக்கி மூடுவார். தூசி படக் கூடாதாம். அப்புறம் கண்ணாடி ஷோகேஸுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் போன் வந்தது. "பாரதி, வண்டி ஏரோப்ளேன் மாதிரி கத்திட்டு நின்னுபோச்சி. இங்கிலீசுல இன்னாவோ எழுதிக் காட்டுது."

லீவில் வந்து பிரித்தாள். மேல்மூடியைக் கழற்றியதும் நைனாவுக்கே வெட்கமாகிவிட்டது. காற்றாடி இருந்த இடத்தில் கம்பளி மாதிரி தூசி. பீடிச் சாம்பல், குங்குமம், ஒரு செத்த கரப்பான். சிப்புமேல் தடவியிருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. அதைத் துடைத்து, புதுப் பசையைப் பச்சரிசி அளவு வைத்தாள். நைனா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதான் ரேடியேட்டரா?"

"அப்படித்தான்."

"தண்ணி?"

"தண்ணி ஊத்தினா செத்துடும். காத்துதான் இதுக்கு. பின்னால நாலு வெரக்கட எடம் வுடணும். துண்டு போடக் கூடாது. ஷோகேசுக்குள்ள வெக்கக் கூடாது. நின்னுபோச்சின்னா ஒடனே ஒடனே பட்டன அமுத்தக் கூடாது. கெட்டுப்போயி நிக்கிறதில்ல நைனா, கெட்டுடக் கூடாதுன்னு அதுவா நிக்கிது. ஆற வுட்டுட்டுப் போடணும்."

"காட்டுல வண்டி சூடாவுனா அதத்தான பண்ணுவோம்" என்று அவர் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். ஒரு மாதம்தான். மறுபடியும் துண்டு. மறுபடியும் ஷோகேஸ்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஷிஃப்டில் இருந்தபோது போன் பண்ணினார். வெளிநாட்டுக்காரர்களின் இன்டர்நெட் புகார்களைக் கேட்டு, ஒரு முறைகூடக் குரலை உயர்த்தாமல், தயவுசெய்து அந்த ஒயரைப் பிடுங்கி மாட்டுங்கள் என்று நாளைக்கு எழுபது பேரிடம் சொல்வதுதான் அவளுடைய வேலை. "வண்டி நின்னுபோச்சி" என்றார் நைனா. எழுபது பேருக்கும் காட்டாத கோபம் ஒரே ஆள்மேல் இறங்கியது. "எத்தன வாட்டி சொல்றது? ஒனக்கு இன்னா காதுல ஏறாதா? எனக்கு வேற வேலயே இல்லியா? எடுத்துக் குப்பையில போடு" என்று கத்திவிட்டு வைத்தாள். திங்கட்கிழமை கூப்பிடலாம் என்று இருந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

பாரதி பெட்டியைச் சுற்றி வந்தாள். இரண்டு நிமிஷத்தில் புரிந்துபோயிற்று. பெண்கள் உட்கார இடம் வேண்டும் என்று பெட்டியைச் சுவரோடு சுவராக ஒட்டித் தள்ளியிருந்தார்கள். கால்மாட்டில், மோட்டாருக்குக் காற்று போகும் கம்பி வலையை மூடிக்கொண்டு, தரைவரை தொங்கியது ஜெயராமன் மாமா கொண்டுவந்த கோடி: ஜரிகை வேட்டி, அதன்மேல் ஒரு சால்வை, அதற்கும் மேல் ஆள் உயர ரோஜா மாலை. அவர் அம்மாவின் அண்ணன். மச்சான் சாவுக்கு மேளத்தோடு வந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தன் கையாலேயே போர்த்தியவர். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தலைமாட்டில் இடமில்லாமல் அங்கேயே போட்டுக்கொண்டே போயிருந்தார்கள். துண்டு, மாலை, துண்டு, மாலை.

"தார்ப்பாய்" என்று அவள் வாய்க்குள் சொன்னாள்.

ஸ்க்ரூ டிரைவர் எடுக்க உள் அறைக்குப் போனாள். சாவு விழுந்ததும் டிவியும் ஷோகேஸும் கூடத்திலிருந்து அங்கே மாற்றப்பட்டிருந்தன. ஷோகேஸ் திரும்பி நின்றது. முதுகுப் பலகையில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமாக ஓட்டை. அறுத்த ஓரங்கள் கோணல்மாணலாக இருந்தன. கீழே மரத்தூள். ஓட்டை வழியாகக் கன்சோலின் பின்பக்கம் தெரிந்தது. துண்டு இல்லை.

"அவன் வேலதான்" என்றார் பின்னாலிருந்து பஷீர் அகமது. பதினெட்டு வருஷம் நைனாவோடு ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர். நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பந்தலில் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார். "நேத்து காலையில போன் பண்ணி எக்ஸா பிளேடு இருக்குதாடான்னான். எதுக்குடான்னா, எம் பொண்ணு வேல குடுத்துருக்குது, முடிக்கலன்னா திட்டும்ன்றான்."

பாரதி மரத்தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரதுக்குள்ள ஒரு பக்கம் அறுத்துட்டு ஒக்காந்திருந்தான். மீதிய நான் அறுத்தேன். அப்பறம் ஒரு மணி நேரம் ஓட்டினான். நிக்கவேயில்ல. பொண்ணுக்கு போன் போட்டு சொல்லேன்டான்னேன். வேலயில இருக்கும், ராத்திரிக்கு சொல்லிக்கலாம்னான்."

அவள் மூக்கை ஒரு முறை உறிஞ்சினாள்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க வெப்பாரு?"

"கீழ் தட்டுல. எதுக்கு?"

"வாங்க, சொல்றேன்."

கூடத்துக்கு வந்ததும் நேராகப் போய் ரோஜா மாலையைத் தூக்கினாள். பத்து பேர் ஒரே நேரத்தில் "ஏய், ஏய்" என்றார்கள். ஜெயராமன் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"இன்னா பண்ற நீ?"

"மோட்டாருக்குக் காத்து போவல மாமா. துணிய எடுக்கணும்."

"அது நான் போட்ட கோடி. எங்கப்பன் வூட்டு மரியாத. எடுத்துக் கடாசறதுக்கா மேளத்தோட கொண்டாந்தேன்?"

"கடாசல. எடம் மாத்தறேன்."

"பொணம் போவறதுக்கு முன்னால கோடிய எடுத்த வூட்ட எங்கனா பாத்திருக்கறியா? எல்லாம் படிச்ச திமிரு. மச்சான் இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

"அவரு இருந்தா இந்த ஐஸ் பொட்டி எதுக்கு மாமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். மாமாவுக்கு முகம் கறுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். இதோ கிளம்பப் போகிறார், மேளத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மாமன் கோபித்துக்கொண்டு போன சாவு என்று பத்து வருஷம் பேசுவார்கள்.

அம்மா எழுந்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து தலைமாட்டில் ஒரே இடத்தில், தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த வசந்தா, சுவரைப் பிடித்து எழுந்து, பெண்களின் தோள்களைத் தாண்டித் தாண்டிக் கால்மாட்டுக்கு வந்தாள். சால்வையை எடுத்தாள். ஜரிகை வேட்டியை எடுத்தாள். இரண்டையும் உதறாமல், மடிப்பு கலையாமல், நிதானமாக மடித்தாள். மறுபடியும் அதே இடத்துக்குப் போய் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் மடியிலயே இருக்கட்டும்ணா. எம் பையன் வந்ததும் நீயே போடு. அதுவரைக்கும் கீழ வெக்க மாட்டேன்."

மாமா நின்றார். செருப்பைப் பார்த்தார். வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"எந்தப் பக்கம் தள்ளணும்?" என்றார் பாரதியைப் பார்க்காமல்.

மாமாவும் பஷீரும் இன்னும் நான்கு பேருமாகப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தார்கள். பாரதி பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினாள். கம்பி வலை வந்ததும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பவுனம்மாள் அத்தைக்கு ஒப்பாரி நின்றுபோயிற்று.

"அடிப்பாவி, இன்னாடி இது, பூக்கடையே இருக்குது?"

தகடு தகடாக இருந்த கம்பிச் சுருளுக்கு முன்னால் மக்கிய பூ. சாமந்தி, சம்பங்கி, கருத்துப்போன ரோஜா இதழ்கள், தலைமுடி, பஞ்சு, பொரி. எந்தெந்த ஊரிலோ, யார் யார் வீட்டிலோ போட்ட மாலைகள். அவரவர் தங்கள் ஆட்களுக்காக அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனையும் இங்கே வந்து அடைந்திருந்தது. பாரதி கையால் அள்ளி முறத்தில் போட்டாள். மீதியைத் தட்டிவிட ஏதாவது வேண்டும். குளியலறைத் தட்டில் நைனாவின் ஷேவிங் பிரஷ் இருந்தது. எடுத்து வந்தாள்.

"ஐயோ, செத்தவங்க சாமானுடி அது" என்றாள் அத்தை.

"செத்தவருக்குத்தான் அத்த."

தகடுகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக இழுத்தாள். தூசி புகையாக வந்தது. காற்றாடியை விரலால் சுற்றிப் பார்த்தாள். முடி சிக்கியிருந்தது. அறுத்து எடுத்ததும் தடையில்லாமல் சுற்றியது. கம்பி வலையை மாட்டி எழுந்தபோது மணி பத்து ஐந்து.

"போடு போடு" என்றார் பெரியப்பா, சுவிட்சுக்குக் கை நீட்டி.

"போடக் கூடாது."

"இன்னாது?"

"இருவது நிமிஷம் ஆறணும்."

"ஏம்மா, ஐஸ் பொட்டிய ஆஃப் பண்ணி வெச்சா உள்ள இருக்கறது இன்னா ஆவும்? நம்பரு பதிமூணு காட்டிச்சி!"

"மோட்டாரு கொதிக்கிது. இப்ப போட்டா மறுபடியும் நிக்கும். அப்பறம் எடுக்கவே எடுக்காது. இருவது நிமிஷம்."

"எவன் சொன்னது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஒரு கேம் கன்சோலும் ஒரு லாரி டிரைவரும் என்றா? பாரதி பிளக்கைக் கையில் சுற்றிக்கொண்டு சுவிட்ச் பலகைக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள். முதுகில் வியர்வை வழிந்தது. உண்மையில் அவளுக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒருவேளை வெறும் பூவும் தூசியும் இல்லையென்றால்? மோட்டாரே எரிந்திருந்தால்? முப்பது பேர் பார்க்க, நைனாவை அவளே கெட்டுப்போக விட்டதாக ஆகிவிடும். நைனாவைக் கைவிட்டது ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, இன்றைக்கு ஒரு முறை.

பஷீர் பந்தலுக்குப் போய், பெரியப்பா நாற்காலிக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டாண்ட் ஃபேனை ஒயரோடு தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் வைத்து, ஆட்களைப் பார்த்து அல்ல, மோட்டாரைப் பார்த்துத் திருப்பினார்.

"காட்டுல நின்னா ரெண்டு பீடி" என்றார் பொதுவாக. "ஒரு பீடி பத்தாது. ரெண்டு பீடி குடிச்சிட்டுத்தான் தனசேகரன் பானட்டத் தொறப்பான். நான் அவசரப்பட்டா வாயில வந்த மாதிரி திட்டுவான்."

இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது, பால் கொடுத்து அடக்கினார்கள். வெளியே மேளக்காரர் ஒருவர், என்ன ஆயிற்று என்று ஜாடையில் கேட்டார். அம்மா மடியிலிருந்த துணியின் ஜரிகையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

பத்து இருபத்தைந்து. பாரதி பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டினாள்.

'டக்.' உறுமல். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு தாண்டியது. பதினைந்து. முப்பது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வலைக்கு முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கையில் சூடான காற்று அடித்தது. நல்ல சூடு. உள்ளே இருக்கும் சூடு வெளியே வருகிறது.

சிவப்பு நம்பர் பதினான்கில் நின்றது. நெடுநேரம் நின்றது. அப்புறம் பதின்மூன்று.

பெரியப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "மூணு மணிக்கு ராகு காலம்" என்றார். "அதுக்கு முன்னால வந்துட்டான்னா சரிதான்." பந்தலுக்குப் போய், காற்றில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டார்.

அத்தை விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைப் பிடித்தாள். அதன் பிறகு மாலையோடு வந்த ஒவ்வொருவரையும் ஜெயராமன் மாமாவே வாசலில் மடக்கினார். "தலமாட்டுல போடுங்க. கால் பக்கம் யாரும் போடக் கூடாது. மோட்டாருக்குக் காத்து போவணும். உங்களுக்கெல்லாம் ஒரு வாட்டி சொன்னா புரியாதா?"

செந்தமிழன் ஒன்றே முக்காலுக்கு வந்தான். காரை விட்டு இறங்கி ஓடி வந்தவன், வாசல்படியில் ஏதோ சுவர் இருப்பதுபோல் நின்றுவிட்டான். அம்மாவைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். கண்ணாடி பூராவும் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. நம்பர் நான்கு.

"தொடச்சிப் பாரு" என்றாள் பாரதி.

அவன் சட்டைக் கையால் துடைத்தான். நைனாவின் முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்து, தூங்கும்போது எப்படியோ அப்படியே. செந்தமிழன் கண்ணாடிமேல் நெற்றியை வைத்தான். சில்லிப்பு தாங்காமல் எடுத்தான். திரும்பவும் வைத்தான். எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

குளிப்பாட்ட நைனாவை வெளியே எடுப்பதற்கு முன், அவன் தங்கையிடம் கேட்டான். "நீ எப்ப கடைசியா பேசின?"

"ஞாயித்துக்கெழம."

"இன்னா சொன்னாரு?"

"வண்டி சூடாவுதுன்னாரு."

"நீ?"

பாரதி உதட்டைக் கடித்தாள். "எடம் வுட சொன்னேன்."

"வுட்டாரா? அவரு எங்க நாம சொல்றத கேப்பாரு."

"வுட்டாரு" என்றாள். "பலகைய அறுத்து வுட்டுருக்காரு."

ஜெயராமன் மாமா தங்கையின் மடியிலிருந்து துணியை வாங்கி, மச்சானுக்கு நெஞ்சிலிருந்து பாதம் இருக்க வேண்டிய இடம்வரை, தன் கையாலேயே போர்த்தினார். இரண்டரைக்கு எடுத்தார்கள். பறைச் சத்தம் தெருமுனை திரும்பி, மலையில் மோதி இரண்டாகக் கேட்டு, ஏரிப் பக்கம் போய்த் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள்.

பெட்டிக்காரர் வந்தபோது மணி மூன்றரை. வேனைத் திருப்பி நிறுத்திவிட்டு, வாசலில் தனியாகக் கிடந்த பெட்டியைச் சுற்றி வந்தார். பிளக்கைச் சொருகி இரண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார்.

"யாரும்மா தொறந்தது?"

"நான்தான். அடைச்சிக்கினு இருந்திச்சி. மூணு மாசமாவே அடைச்சிருக்கணும்."

"நானும் போற எடத்துல எல்லாம் சொல்லிட்டுத்தாம்மா வரேன். சாவு வூட்டுல எவன் காதுல ஏறும்? நான் திரும்பறதுக்குள்ள மாலைய போட்டு மூடிடுவாங்க. இப்ப தளவானூர் போவணும். ஒரு பொம்பள, சின்ன வயசு. அங்கயும் இதே கததான்."

பாரதி உள்ளே போனாள். சென்னைப் பையைக் கவிழ்த்துத் தேடியதில் பேனாவும் சீப்பும் விழுந்தன. பேனா தகரத்தில் எழுதாது. அடியில் ஒரு நெயில் பாலிஷ் குப்பி கிடந்தது. சிவப்பு. பாதி இருந்தது.

கம்பி வலைக்கு மேலே இருந்த தகரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். பிரஷ் சின்னது, ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு முறை தோய்க்க வேண்டியிருந்தது. 'இந்தப் பக்கம் துணி, மாலை போட வேண்டாம். காற்று போக வேண்டும்.'

பெட்டிக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "தயவுசெய்துன்னு ஒண்ணு போடும்மா. பாவம், அவங்க இன்னா நெலமயில இருப்பாங்களோ."

மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அதையும் எழுதினாள். குப்பி தீர்ந்துவிட்டது.

அவர் ஆளைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார்.

"இருங்கண்ணே" என்றாள் பாரதி. "காயல."

அவர்கள் கையை எடுத்துக்கொண்டு நின்றார்கள். பாரதி தரையில் முட்டிபோட்டு, முகத்தை அருகே கொண்டுபோய், முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக வாயால் ஊதத் தொடங்கினாள்.